கலங்காத முகம்: பிரிட்டனில் ஏழு நாள்

முதல் நாள், லண்டன்

ஊட்டியில் ஒரு பள்ளியில் வரலாறு நடத்துகிறேன். அப்பா இறந்து இரண்டு வருடம் ஆகிறது. அன்றைக்கு வாசலில் நின்ற அத்தனை பேரும் என்னிடம் சொன்னது ஒன்றுதான்: "மூத்தவன் நீ கலங்கக் கூடாது. நீ அழுதா அம்மாவ யாரு தாங்கறது?" நான் அழவில்லை. கொள்ளி வைத்தேன். வந்தவர்கள் சாப்பிட்டார்களா என்று பார்த்தேன். பதினாறாம் நாள் காரியம் முடித்தேன். எல்லாம் ஓய்ந்த பிறகு அழலாம் என்று உட்கார்ந்தால் அழுகை வரவில்லை. இன்று வரை வரவில்லை.

அன்று அத்தை ஒருத்தி, "வெள்ளைக்காரனாட்டம் நிக்கறான் பாரு" என்றாள். பாராட்டாகத்தான் சொன்னாள். அது என் மனதில் முள்ளாகத் தங்கிவிட்டது. அந்த வெள்ளைக்காரன் எப்போதிருந்து அப்படி நின்றான்? அவனுக்கு அதை யார் சொல்லிக்கொடுத்தது? இப்போதும் அப்படித்தான் நிற்கிறானா? அக்டோபர் கடைசியில் ஒரு வாரம் கிடைத்தது. ஈஸ்ட் ஹாமில் சித்தப்பா இருக்கிறார். கிளம்பி வந்துவிட்டேன்.

இறங்கிய அன்றே தூக்கக் கலக்கத்தோடு போன இடம் போஸ்ட்மேன்ஸ் பார்க். செயின்ட் பால் பேராலயத்திலிருந்து நடந்து போகிற தூரம்தான். பக்கத்துத் தபால் தலைமையகத்து ஊழியர்கள் மதியம் வந்து உட்கார்ந்து சாப்பிட்டதால் அந்தப் பெயர். மூலையில் ஒரு தாழ்வாரம், அதன் சுவரில் பீங்கான் ஓடுகள். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர், ஒரு நாள், பிறரைக் காப்பாற்றப் போய் அவர் உயிர் போன விதம். ஜார்ஜ் ஃபிரெடெரிக் வாட்ஸ் என்ற ஓவியர் 1887-ல் விக்டோரியா ராணியின் பொன்விழாவுக்கு இப்படி ஒன்று செய்யலாம் என்று பத்திரிகைக்கு எழுதினார். யாரும் முன்வரவில்லை. கடைசியில் அவரே முயன்று 1900-ல் திறந்தார்.

தளபதிகளுக்கும் பிரபுக்களுக்கும் ஊர் முழுக்கச் சிலை வைத்த காலம் அது. இந்தச் சுவரில் இருப்பவர்களோ வீட்டு வேலைக்காரி, ரயில்வே சிக்னல்காரர், நாடகக் கொட்டகை நடனக்காரி. ஆலிஸ் அயர்ஸ் ஒரு கொத்துவேலைக் கூலியின் மகள். 1885 ஏப்ரலில் யூனியன் தெருவில் எரிகிற வீட்டிலிருந்து மூன்று குழந்தைகளை வெளியேற்றிவிட்டு இறந்தாள். மேரி ரோஜர்ஸ் ஸ்டெல்லா என்ற கப்பலில் பணிப்பெண். 1899-ல் கப்பல் மூழ்கும்போது தன் மிதவைச் சட்டையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டுக் கப்பலோடு போனாள். சாலமன் கேலமன் என்ற பதினொரு வயதுப் பையன் 1901-ல் கமர்ஷியல் தெருவில் வண்டிக்கு அடியில் போக இருந்த தம்பியைத் தள்ளிவிட்டான். "அம்மா, அவனைக் காப்பாற்றிவிட்டேன், என்னைக் காப்பாற்றிக்கொள்ள முடியவில்லை" என்று அவன் சொன்னதாக ஓட்டில் இருக்கிறது. அதற்கு முன்னால் வெகுநேரம் நின்றேன்.

பல பத்தாண்டுகள் புது ஓடு எதுவும் ஏறவில்லை. 2009-ல் ஒன்று வந்தது: தேம்ஸ்மீட் கால்வாயில் மூழ்கிய ஒரு சிறுவனைக் காப்பாற்றி 2007-ல் உயிர்விட்ட லீ பிட். சுவரில் காலி இடம் இன்னும் நிறைய இருக்கிறது.

இரவு சாப்பாட்டின்போது சித்தப்பா பேசினார். 1974-ல் வந்து, கடிதம் பிரிக்கிற வேலையிலேயே ஓய்வு பெற்றவர். "கண்ணு, என்கூட ஒருத்தன் வேலை செஞ்சான். திங்கக்கிழமை பொண்டாட்டிய அடக்கம் பண்ணிட்டு செவ்வாக்கிழமை காலைல ஷிஃப்டுக்கு வந்துட்டான். நான் என்ன சொல்றதுன்னு தெரியாம பக்கத்துல போய் நின்னேன். அவன் என் மூஞ்சியப் பாத்துட்டு, 'உனக்கு டீ போடட்டுமா'ன்னு கேட்டான். போட்டும் குடுத்தான். எனக்குத்தான் தொண்டை அடைச்சிருச்சு." அப்புறம் தட்டைப் பார்த்துக்கொண்டே, "அண்ணன் போனப்ப நான் வர முடியல" என்றார். நானும் தட்டைப் பார்த்தேன்.

இரண்டாம் நாள், லண்டன்

காலையில் டிராஃபல்கர் சதுக்கத்துக்குப் பக்கத்தில் ஈடித் கேவலின் சிலை. கேவல் ஒரு செவிலியர். முதல் உலகப் போரில் ஜெர்மானியர் பிடித்த பிரஸ்ஸல்ஸிலிருந்து நேச நாட்டுப் படைவீரர்கள் தப்ப உதவினார். அதற்காக 1915 அக்டோபர் 12 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் சாவைக் காட்டி இங்கே படைக்கு ஆள் சேர்த்தார்கள், பழிவாங்கு என்றார்கள். அவரோ சாவதற்கு முந்தின இரவு தன்னைப் பார்க்க வந்த பாதிரியாரிடம், "தேசப்பற்று மட்டும் போதாது. யார் மீதும் எனக்கு வெறுப்போ கசப்போ இருக்கக் கூடாது" என்று சொல்லியிருந்தார்.

1920-ல் சிலை திறந்தபோது இந்த வாக்கியம் அதில் இல்லை. அரசனுக்காக, நாட்டுக்காக என்றெல்லாம் இருந்தது. பெண்கள் அமைப்பு ஒன்று கேட்டுக்கொண்ட பிறகு, 1924-ல்தான் இதைச் செதுக்கினார்கள். போர் ஓய்ந்து ஆறு வருடம் கழித்துத்தான் அவர் சொன்னதை அவர் சிலையில் போட மனம் வந்திருக்கிறது. கீழே நின்றால் பிந்தி வந்த எழுத்துகள் தெரிகின்றன.

பிறகு வெஸ்ட்மின்ஸ்டர் ஹால். வங்காளத்தில் கவர்னர் ஜெனரலாக இருந்த வாரன் ஹேஸ்டிங்ஸ் மீதான விசாரணை 1788-ல் தொடங்கியது இங்கேதான். அங்கே நடந்த கொடுமைகளை நாடாளுமன்ற உறுப்பினர் எட்மண்ட் பர்க் விவரித்தபோது சபையில் பெண்கள் மயங்கி விழுந்தார்கள். மூன்று வருடம் கழித்து, பிரெஞ்சுப் புரட்சி பற்றிய தகராறில் பர்க் நட்பை முறித்துக்கொண்டபோது, அவருடைய நெடுநாள் நண்பர் சார்லஸ் ஜேம்ஸ் ஃபாக்ஸ் நாடாளுமன்றத்தில் எல்லார் முன்னாலும் கண்ணீர் விட்டார். அதை அன்று யாரும் கேவலமாக நினைக்கவில்லை, நல்ல உள்ளத்துக்கு அடையாளமாகவே பார்த்தார்கள். ஆங்கிலேயர் என்றைக்குமே கல்லாக நின்றவர்கள் என்று நானும் வகுப்பில் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். தப்பு. கலக்கத்தைக் காட்டாதே என்ற பொருளில் 'மேல் உதடு விறைத்திருக்க வேண்டும்' என்று அவர்கள் சொல்கிற அந்தச் சொலவடைகூட அமெரிக்காவில்தான் முதலில் அச்சேறியது. பேரரசு பெருக, அதை ஆளப்போகிற பிள்ளைகளை எட்டு வயதிலேயே தாயிடமிருந்து பிரித்து உறைவிடப் பள்ளியில் போட, விறைப்பு மெல்ல மெல்ல அவர்களுக்குள் ஏற்றப்பட்டது.

மாலையில் சித்தியிடம் இதைச் சொன்னேன். "1997-ல நீ வந்து பாத்திருக்கணும்" என்றார். டயானா இறந்த வாரம் கென்சிங்டன் அரண்மனைக்கு இவர்களும் பூ எடுத்துப் போனார்களாம். "முழங்கால் உயரத்துக்குப் பூவு. கோட்டு சூட்டு போட்ட ஆம்பளைங்க தேம்பித் தேம்பி அழறாங்க. நான் இந்த ஊர்ல அத்தன வருஷத்துல அப்படிப் பாத்ததே இல்ல." அந்த வாரம் பக்கிங்காம் அரண்மனையில் கொடி அரைக்கம்பத்தில் இல்லையே, அரச குடும்பம் வெளியே வரவில்லையே என்று மக்கள் கோபப்பட்டார்கள். அதுவரை மரியாதைக்குரியதாக இருந்த மௌனம் சில நாட்களில் குற்றமாகிவிட்டது. அன்று தாயின் சவப்பெட்டிக்குப் பின்னால் நடந்த பன்னிரண்டு வயது ஹாரி, கிட்டத்தட்ட இருபது வருடம் உணர்ச்சிகளை மூடி வைத்திருந்தேன் என்று 2017-ல் வெளிப்படையாகச் சொன்னார்.

மூன்றாம் நாள், கேம்பிரிட்ஜ்

இந்தப் பயணத்துக்கு விதை இங்கேதான் இருக்கிறது. பள்ளியில் படித்தபோது ஆங்கிலப் பாடத்தில் கேப்டன் ஸ்காட்டின் கடைசிப் பயணம் வந்தது. ஓட்ஸ் கூடாரத்தை விட்டுப் பனிப்புயலில் நடந்து போகிற இடத்தை அப்பா எனக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினார்.

கேம்பிரிட்ஜில் ஸ்காட் துருவ ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. ஸ்காட்டின் நினைவாகத் திரண்ட நிதியில் மிஞ்சிய பணத்தைக் கொண்டு 1920-ல் தொடங்கியது. அருங்காட்சியகம் சின்னதுதான். உள்ளே போனால் வெளியே வர மனம் வராது.

கதை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஸ்காட், வில்சன், பவர்ஸ், ஓட்ஸ், எட்கர் எவன்ஸ் என ஐந்து பேர் 1912 ஜனவரி 17 அன்று தென் துருவத்தை அடைந்தார்கள். நார்வேயின் அமுண்ட்சென் 1911 டிசம்பர் 14 அன்றே வந்து போயிருந்தார். திரும்பும் வழியில் பிப்ரவரி 17 அன்று எவன்ஸ் விழுந்து இறந்தார். ஓட்ஸின் பாதங்கள் பனியில் அழுகின. என்னை என் உறங்கு பையிலேயே விட்டுப் போங்கள் என்று கேட்டார், மற்றவர்கள் மறுத்தார்கள். மறுநாள் காலை, "கொஞ்சம் வெளியே போய்வருகிறேன், நேரம் ஆகலாம்" என்று சொல்லிவிட்டுப் புயலுக்குள் போனார். அது அவருடைய முப்பத்திரண்டாவது பிறந்தநாளாக, அல்லது அதற்கு முந்தின நாளாக இருக்க வேண்டும். கூடாரத்தில் தேதிக் கணக்கே தடுமாறிவிட்டிருந்தது. மற்ற மூவரும் அடுத்த உணவுக் கிடங்குக்கு 11 மைல் தொலைவில் புயலில் மாட்டிக்கொண்டார்கள். ஸ்காட்டின் கடைசிக் குறிப்பு மார்ச் 29.

ஓட்ஸின் உறங்கு பை இங்கே இருக்கிறது. கலைமான் தோல். வீங்கிய காலை உள்ளே நுழைக்க முடியாமல் ஒரு பக்கம் கிழித்திருக்கிறார்கள். பாடப் புத்தகத்தில் அவர் ஒரு வாக்கியம், அவ்வளவுதான். இங்கே கிழிந்த தோலைப் பார்த்ததும், ஒவ்வொரு இரவும் அந்தக் காலை அதற்குள் நுழைக்க அவர் பட்ட பாடு வயிற்றைப் பிசைந்தது. அந்தப் புகழ்பெற்ற வாக்கியத்தை ஓட்ஸ் எழுதி வைக்கவில்லை என்பதும் அங்கே நிற்கும்போதுதான் உறைத்தது. அது நமக்குக் கிடைத்தது ஸ்காட்டின் நாட்குறிப்பு வழியாக. சாகப்போகிற ஒருவர், செத்துப்போன இன்னொருவரைப் பற்றி, 'வீரன், ஆங்கிலேயக் கனவான்' என்று எழுதி வைத்தார். ஊர் அதை அப்படியே எடுத்துக்கொண்டது.

செய்தி 1913 பிப்ரவரியில் வந்தது. 14-ஆம் தேதி செயின்ட் பால் பேராலயத்தில் நடந்த நினைவு வழிபாட்டில் அரசர் கலந்துகொண்டார். ஸ்காட்டின் மனைவி கேத்லீன் அப்போது நியூசிலாந்து நோக்கிக் கப்பலில் போய்க்கொண்டிருந்தார். ஊரே அழுது முடித்துச் சில நாள் கழித்துத்தான் அவருக்குத் தகவல் எட்டியது. அடுத்த வருடமே போர் வந்தது. எப்படிச் சாவது என்பதற்கு அந்த வாலிபர்களின் கையில் ஓர் உதாரணம் தயாராக இருந்தது.

அப்புறம் காற்று திரும்பியது. 1979-ல் வந்த ஒரு வாழ்க்கை வரலாறு, ஸ்காட் திறமையில்லாத தலைவர், ஆட்களைச் சாகடித்தவர் என்று கிழித்தது. 2001-ல் ஒரு விஞ்ஞானி வானிலைப் பதிவுகளை ஆராய்ந்து, 1912 மார்ச்சில் அங்கே வழக்கத்துக்கு மீறிய குளிர் அடித்தது என்று காட்டினார். 2002-ல் பிபிசி நடத்திய மாபெரும் பிரிட்டானியர் வாக்கெடுப்பில் ஷேக்கில்டன் 11-வது இடம், ஸ்காட் 54-வது இடம். அதே காலத்துத் துருவப் பயணியான ஷேக்கில்டன் துருவத்தையே தொடாதவர். ஆனால் எண்டூரன்ஸ் கப்பல் நொறுங்கிய பிறகு தன்னோடு இருந்த 27 பேரையும் உயிரோடு கரை சேர்த்தவர். நூறு வருடத்துக்கு முன் அழகாகச் செத்தவர் பெரியவர், இப்போது ஆட்களை வீட்டுக்குக் கூட்டி வந்தவர் பெரியவர். எனக்கும் இரண்டாவதுதான் சரி என்று படுகிறது. அதற்காக அந்தக் கூடாரத்தில் கிடந்தவர்களைச் சின்னவர்கள் என்று சொல்ல மனம் வரவில்லை. நடக்கவே முடியாத நிலையிலும் 35 பவுண்டு எடைப் பாறை மாதிரிகளைக் கடைசி வரை இழுத்து வந்திருக்கிறார்கள். அவற்றில் குளோசோப்டெரிஸ் என்ற செடியின் புதைபடிவம் இருந்தது. அதே செடியின் தடம் நம் நாட்டு நிலக்கரிப் படுகைகளிலும் உண்டு. ஒரு காலத்தில் இந்தியாவும் அண்டார்டிகாவும் ஒட்டிக்கிடந்தன என்பதற்கு அது சாட்சி. அவர்களைத் தேடிப் போன குழுவோடு இந்தியாவிலிருந்து அனுப்பிய கோவேறு கழுதைகளும் போயின. லால் கான், குலாப், பேகம், ராணி, பியாரி என்று பெயர்கள். இமயத்துப் பிராணிகள் தென் துருவப் பனியில் பிணம் தேடி நடந்திருக்கின்றன.

ஸ்காட் மனைவிக்கு எழுதிய கடைசிக் கடிதத்தில், பையனுக்கு முடிந்தால் இயற்கை மேல் ஆர்வம் வரச் செய், அது விளையாட்டை விட நல்லது என்கிறார். அந்தப் பையன் பீட்டர் ஸ்காட் பறவைகளுக்காக வாழ்ந்தார், உலக வனவிலங்கு நிதியம் தொடங்கியவர்களில் ஒருவர். மற்ற வரிகளெல்லாம் ஊருக்காக எழுதியது போல இருக்கின்றன. இந்த ஒரு வரியில் ஒரு அப்பா இருக்கிறார்.

நான்காம் நாள், கெஸ்டிங்தோர்ப்

ரயிலில் சட்பரி வரை போய், அங்கிருந்து டாக்சி பிடித்தேன். எசெக்ஸ் மாவட்டத்துக் கிராமம், செங்கல் கோபுரத்தோடு ஒரு தேவாலயம், எதிரில் ஓட்ஸ் குடும்பம் வாழ்ந்த பெரிய வீடு. தேவாலயத்தில் யாரும் இல்லை. கதவு திறந்தே கிடந்தது.

சுவரில் ஒரு பித்தளைப் பலகை. ஓட்ஸின் படைப்பிரிவு அதிகாரிகள் வைத்தது. அவர் தாய் கரோலின் வாரம் தவறாமல் வந்து இதைத் தன் கையால் துடைத்துப் பளபளப்பாக்கினார். மகனின் வீரத்தை நாடே கொண்டாடியபோது, அவன் சாவுக்கு ஸ்காட்தான் பொறுப்பு என்று அவர் மனதுக்குள் உறுதியாக இருந்தார். மேடை ஏறிப் பேசவில்லை. பித்தளை தேய்த்தார். அவர் 1937 வரை இருந்தார் என்றால் எத்தனை வாரம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆயிரத்தைத் தாண்டுகிறது.

அம்மாவின் ஞாபகம் வந்தது. அப்பாவின் மூக்குக் கண்ணாடியை இன்னமும் தினம் துடைத்து அலமாரியில் வைக்கிறாள். நான் ஒரு நாளும் அதைப் பற்றி அவளிடம் பேசியதில்லை.

ஐந்தாம் நாள், ரோசிலி, வேல்ஸ்

லண்டனிலிருந்து ஸ்வான்சீக்கு மூன்று மணி நேர ரயில், அப்புறம் கோவர் தீபகற்பத்தின் முனை வரை பேருந்து. கடலோரம் பாம்பு நீந்துவது போலப் பாறை நீண்டு கிடக்கிறது. காற்று ஆளைத் தள்ளுகிறது. எட்கர் எவன்ஸ் பிறந்த ஊர் இது.

ஐவரில் அதிகாரி அல்லாதவர் இவர் ஒருவர்தான். உடம்பில் மிகப் பெரியவர், உணவுப் பங்கு மட்டும் மற்றவர்களுக்கு இருந்த அதே அளவு. சறுக்கு வண்டியைச் சரிசெய்யும்போது கையில் பட்ட வெட்டு ஆறவில்லை. முதலில் விழுந்தவர் இவர். ஸ்காட் மக்களுக்கு எழுதி வைத்த கடைசிச் செய்தியில், தளருவார் என்று நினைத்தே பார்க்காத ஆள் தளர்ந்துவிட்டார் என்ற பொருளில் ஒரு வாக்கியம் வருகிறது. பத்திரிகைகள் அதைப் பிடித்துக்கொண்டன. கனவான்கள் கடைசி வரை தாங்கினார்கள், கூலிக்காரன் உடைந்தான், அவனால்தான் தாமதம் என்கிற தொனி. கணவனை இழந்து மூன்று பிள்ளைகளோடு நின்ற லோயிஸ் அதையும் படித்திருப்பார்.

இறந்தவர்களின் குடும்பங்களுக்காக மக்கள் கொடுத்த நிதி 75,000 பவுண்டு. ஸ்காட்டின் மனைவி, மகன், தாய், சகோதரிகளுக்குச் சேர்த்து 18,000. எவன்ஸின் மனைவி, பிள்ளைகள், தாய் எல்லாருக்குமாக 1,500. ஒரே கயிற்றில் கட்டுண்டு ஒரே வண்டியை இழுத்தவர்கள். இந்தக் கணக்கை எனக்கு ஜீரணிக்கவே முடியவில்லை. மானம், தியாகம் என்ற பெரிய சொற்களுக்கும் அன்று படிநிலை இருந்திருக்கிறது. வாட்ஸ் ஏன் அந்தச் சுவரைக் கட்ட அவ்வளவு மல்லுக்கட்டினார் என்பது இங்கே வந்துதான் முழுசாகப் புரிந்தது.

ரோசிலி தேவாலயத்தில் லோயிஸ் கணவருக்கு வைத்த வெள்ளைக் கல் இருக்கிறது. வேறு யாரும் அவருக்கு எதுவும் செய்யாத காலத்தில் அவர் வைத்தது. இப்போது ஸ்வான்சீயில் எவன்ஸுக்கு மார்பளவுச் சிலை இருக்கிறது.

ஆறாம் நாள், ஆல்ரிவாஸ்

ஸ்டாஃபோர்ட்ஷயரில் தேசிய நினைவு மரச்சோலை. எல்லார் சட்டையிலும், போரில் இறந்தவர்களின் நினைவாக, சிவப்புப் பாப்பிப் பூ. முதல் உலகப் போர் ஓய்ந்த நாளான நவம்பர் 11 நெருங்குகிறது. நான் நேராகக் கிழக்கு ஓரத்துக்குப் போனேன். விடியலின் முதல் வெளிச்சம் விழும் இடம்.

கண் கட்டி, கை பின்னால் கட்டி நிற்கிற ஒரு பையனின் சிலை. ஹெர்பர்ட் பர்டன். பதினாறு வயதில் வயதைக் கூட்டிச் சொல்லிப் படையில் சேர்ந்தான், 1915 ஜூலையில் ஓடிப்போன குற்றத்துக்காகத் தன் படையாலேயே சுடப்பட்டான். அப்போது வயது பதினேழு. அவனைச் சுற்றி அரைவட்டமாக முந்நூறுக்கும் மேற்பட்ட மரக்கம்பங்கள், அப்படிச் சுடப்பட்டவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒன்று. பெயர், பதவி, வயது. சிலவற்றில் வயது தெரியவில்லை என்றே எழுதியிருக்கிறது. எதிரில் ஆறு மரங்கள், சுட்டவர்களுக்காக.

ஹாரி ஃபாரின் பெயரைத் தேடிக் கண்டுபிடித்தேன். 1915-ல் குண்டு அதிர்ச்சியால் ஐந்து மாதம் மருத்துவமனையில் கிடந்தவர். 1916-ல் முன்னணிக்குப் போக முடியாமல் நடுங்கினார். கோழை என்று தீர்ப்பு. அவருக்காகப் பேச ஒரு அதிகாரியும் இல்லை. சுடும்போது கண் கட்ட வேண்டாம் என்றாராம். அவர் மகள் கெர்ட்ரூட் ஹாரிஸ் பல வருடம் போராடி, 2006-ல் இப்படிச் சுடப்பட்ட 306 பேருக்கு அரசு மன்னிப்பு வழங்கியபோது தொண்ணூற்று மூன்று வயதில் அதைப் பார்த்தார். 

பள்ளிப் பிள்ளைகள் ஒரு கூட்டம் வந்தது. என் மாணவர்கள் வயதுதான். பர்டனுக்கு முன்னால் வந்ததும் சத்தம் நின்றுவிட்டது. இதற்கு மேல் இன்றைக்கு எழுத முடியவில்லை.

ஏழாம் நாள், எடின்பரோ

கிரெய்க்லாக்கார்ட். நகரத்துக்குத் தென்மேற்கே குன்றடியில் பெரிய கல் கட்டடம், இப்போது நேப்பியர் பல்கலைக்கழகத்தின் வளாகம். 1916 முதல் 1919 வரை மனம் நொறுங்கிய அதிகாரிகளுக்கான போர் மருத்துவமனை. கவிஞரும் படை அதிகாரியுமான சீக்ஃப்ரீட் சசூன் 1917-ல் போரை நீட்டிப்பதை எதிர்த்து அறிக்கை விட்டபோது அவரைத் தண்டிக்காமல், புத்தி சரியில்லை என்று இங்கே அனுப்பினார்கள். இன்னொரு கவிஞர் வில்ஃப்ரெட் ஓவனும் இங்கே இருந்தார். நாட்டுக்காகச் சாவது இனிது என்கிற பழைய பொய்யை எதிர்த்து அவர் எழுதியது இங்கே தங்கியிருந்தபோதுதான். பிறகு போர்முனைக்குத் திரும்பினார். சமாதானத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது, 1918 நவம்பர் 4 அன்று கொல்லப்பட்டார்.

நான் வந்தது அவர்களுடைய மருத்துவருக்காக. டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ். கேம்பிரிட்ஜ் ஆசிரியர், திக்குவாய். அன்றைய வைத்தியம், நடந்ததை மற, வேறு எதையாவது நினை, ஆண்பிள்ளையாக இரு என்பதுதான். ரிவர்ஸ் நேர்மாறாகச் சொன்னார். அடக்கி வைத்த நினைவுதான் இரவில் கனவாக வந்து கழுத்தை நெரிக்கிறது, அதை வெளியே எடுத்துப் பேசுங்கள் என்றார். 1917 டிசம்பரில் லண்டனில் மருத்துவர்கள் முன்னால் அதைக் கட்டுரையாகவே படித்தார். இன்னொன்றையும் கவனித்தார்: பயத்தைக் காட்டாதே என்று சிறுவயது முதல் பள்ளியில் பழக்கப்பட்டவர்கள் இந்த அதிகாரிகள், அந்தப் பழக்கமே நோய்க்கு ஒரு வேர். பேரரசு நூறு வருடம் பாடுபட்டுக் கட்டிய விறைப்பை, அதன் சொந்த ராணுவ மருத்துவர் ஒருவர் நோயின் காரணங்களில் ஒன்றாக எழுதி வைத்துவிட்டார்.

நீலகிரிக்காரர்கள் பலருக்கு ரிவர்ஸின் பெயர் வேறு வழியில் தெரியும். போருக்குப் பன்னிரண்டு வருடம் முன்னால், 1901-02-ல், அவர் எங்கள் மலைக்கு வந்து இங்குள்ள பழங்குடியினரான தோடர்களோடு மாதக்கணக்கில் பழகினார். 1906-ல் வந்த அவருடைய பெரிய நூல் அவர்களைப் பற்றியது. தோடர் இழவில் இருவர் இருவராக எதிரெதிரே உட்கார்ந்து, நெற்றியோடு நெற்றி வைத்து அழுவார்கள். ஆணும் அழுவான், கிழவரும் அழுவார். ரிவர்ஸ் அதைப் பார்த்துக் குறித்திருக்கிறார். அங்கே கண்டதுதான் இங்கே வைத்தியமானது என்று சொல்ல எனக்கு ஆதாரம் கிடையாது. ஆனால் மனிதர் அழுவதை வெட்கமில்லாமல் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த ஒருவர் இந்தக் கட்டடத்துக்குள் வந்தார் என்பது உண்மை. கண்காட்சியில் மருத்துவமனைப் பத்திரிகையையும் படங்களையும் பார்த்துவிட்டு, வெளியே புல்வெளியில் போய் உட்கார்ந்தேன். குளிரில் கை விறைத்தது.

எனக்குப் பத்து வயது இருக்கும்போது அப்பா என்னை ஒரு தோடர் மந்துக்கு, அதாவது அவர்கள் குடியிருப்புக்கு, கூட்டிப் போனார். வனத்துறை ஜீப் ஓட்டியவர் அவர், அங்கே அவருக்கு ஒரு சிநேகிதர் இருந்தார். அந்தச் சிநேகிதர் அன்று இறந்துவிட்டார். கிழவர்கள் நெற்றி முட்டி அழுததைப் பார்த்து நான் பயந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். அப்பா அசையாமல் நின்றார். முகத்தில் ஒன்றும் இல்லை. அப்பா மாதிரி நிற்க வேண்டும் என்று அன்றுதான் நினைத்தேன்.

அம்மாவுக்குப் போன் போட்டேன். சாப்பிட்டாயா, குளிருக்குப் போட்டுக்கொண்டாயா எல்லாம் முடிந்த பிறகு அந்த நாளைச் சொன்னேன். அப்பா எப்படி நின்றார் என்று சொன்னேன்.

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அங்க நின்னாரு. நீ பக்கத்துல இருந்தேல்ல, அதான் நின்னாரு" என்றாள். "வீட்டுக்கு வந்து குளிக்கப் போறேன்னு கொல்லைக்குப் போனவரு வரவே இல்ல. போய்ப் பாத்தா வெந்நீர் அடுப்புக்கு முன்னால உக்காந்து அழுதுட்டு இருந்தாரு. என்னங்கன்னு கேட்டேன். விறகு ஈரம், புகைன்னு சொன்னாரு. நானும் சரின்னு ஊதாங்குழல எடுத்து ஊதிட்டு உள்ள வந்துட்டேன்."

"அடுப்பு எரிஞ்சுதாம்மா?" என்று கேட்டேன்.

"பத்தவே வெக்கல" என்றாள்.